வடிவின் நாக்கு

இறால் தொக்கில் ஒரு கரண்டி எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் விட்டு, பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு உலகநாதன் அடுப்புக்குத் திரும்பினான். முகம் அடுப்பைப் பார்த்திருந்தாலும் காது தொட்டியின் பக்கமே இருந்தது. பாத்திரம் கழுவும் வடிவு தொட்டியின் விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் சரி என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் உப்பு போட வேண்டும். மூன்று என்றால் புளிப்பு தூக்கல். நான்கு தட்டு இதுவரை விழுந்ததில்லை. விழுந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள்.

ஒன்றும் விழவில்லை. குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"வடிவக்கா."

"இன்னா மாஸ்டரு?"

"கிண்ணம் வச்சேனே."

வடிவு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கிண்ணத்தைப் பார்த்தாள். தொடவில்லை. காலையில் இட்ட நாமம் வியர்வையில் பாதி கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது. அதை அவன் அப்போதுதான் கவனித்தான்.

"பொரட்டாசி பொறந்துட்ச்சே," என்றாள். "இன்னிக்கு மொத சனிக்கெழம வேற. இத நான் எப்டி வாய்ல வப்பேன்?"

உலகநாதன் அடுப்பைக் குறைத்தான்.

புரட்டாசி அவனுக்குத் தெரியாத சங்கதி இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்பே மேனேஜர் விஷாலிடம் சொல்லி ஆட்டுக்கறியைப் பாதியாகக் குறைத்தவன் அவன். காளானும் பன்னீரும் கூடுதலாக வரவழைத்தவன் அவன். அம்பத்தூர்ப் பக்கம் பாதி வீட்டில் இந்த மாதம் முட்டைகூட உடைக்க மாட்டார்கள் என்று விஷாலுக்குப் பாடம் எடுத்தவனும் அவன்தான். இத்தனையும் யோசித்தவனுக்கு வடிவின் நாக்கும் அதே மாதத்துக்குக் கட்டுப்பட்டது என்பது தோன்றவே இல்லை. இரண்டு நாள் லீவு போட்டிருந்தவள் இன்றைக்குத்தான் வந்தாள். எட்டு மாதமாக அந்த நாக்கை அவன் தன்னுடையது என்றே நினைத்துவிட்டிருந்தான்.

அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்து நிற்கும் ஓட்டலின் ஆறாவது மாடியில் இருந்தது அந்த லவுஞ்ச். ஏரிப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாத நாற்காலிகள். சனிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் வந்து நிறைந்துவிடுவார்கள். கோப்பை வந்ததும் குடிப்பதில்லை. முதலில் படம் எடுப்பார்கள். நன்னாரியும் இஞ்சியும் விட்டுக் கலக்கிய மது, அதன்மேல் ஒரு துளசி இலை. கூடவே சின்னத் தட்டுகள். உள்ளங்கை அகலத் தட்டில் நான்கு துண்டு கோழி, அல்லது மூன்று இறால், அல்லது காசளவு கல்தோசை மேல் ஒரு சிட்டிகை சுக்கா. பந்தியில் அண்டா அண்டாவாகக் கிண்டிய கைக்கு ஆரம்பத்தில் இது விளையாட்டாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அண்டாவில் மறைகிற தப்பு நான்கு துண்டில் மறையாது.

இன்றைக்கு ஏழரை மணிக்கு மூன்று பேர் வருகிறார்கள். இந்த லவுஞ்சை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டது. அவர்கள் சார்பில் மோகனப்பிரியா என்கிற அம்மாள், கூட இரண்டு பேர். எட்டுத் தட்டு வரிசையாகச் சாப்பிட்டுப் பார்ப்பார்கள். சமையலறையில் யார் இருப்பது, யார் போவது என்று அதன் பிறகு சொல்வார்கள். எட்டில் ஐந்து அசைவம்.

"அக்கா. இன்னிக்கு ஒரு நாளு," என்றான்.

"மாஸ்டரு, வேணா."

"ஒரு சொட்டு. நுனி நாக்குல. துப்பிடு."

"துப்புனா பட்டது இல்லன்னு ஆயிடுமா?"

"இந்தக் கறித் தட்டெல்லாம் கைல தான கழுவற?"

"கை கழுவுது, அது வேல. வாய் வேற," என்றாள். பிறகு குரலை இறக்கினாள். "எம் மவன் வேலப்பன்சாவடி ரோட்ல அடிபட்டு கெட்ந்தான் இல்ல, அப்ப வேண்டிகினது. பொழச்சி வந்துட்டான். நீ வேற இன்னா வேணா கேளு."

அவன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்புக்குத் திரும்பினான்.

உலகநாதன் கொரட்டூரில் பிறந்தவன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் லேத் ஓட்டினார். பத்தாவதில் கணக்கில் போனதும், கரையான்சாவடியில் ஒரு பிரியாணிக் கடையில் வெங்காயம் உரிக்கச் சேர்ந்தான். அங்கே ஒரு வருஷத்தில் அவன் மூக்குக்குப் பெயர் வந்தது. தெருமுனையில் நின்று அண்டாவில் அரிசி அடிப்பிடிக்கப் போகிறது என்று கத்துவான். உள்ளே இருப்பவர்கள் திறந்து பார்த்தால் பிடித்திருக்காது, ஐந்து நிமிஷத்தில் பிடித்திருக்கும். கல்யாணம் பேச வந்தபோது சாவித்திரியின் அண்ணன் கேட்டதே, எங்கே சமைக்கிறீர்கள் என்றுதான். பிறகு ஆவடியில் ஒரு ஓட்டல். அதன் பிறகு ஒரு தொழிற்சாலை கேன்டீன்.

கேன்டீனில் இருக்கும்போது அந்தக் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வந்தது. எல்லோருக்கும் பத்து நாளில், ஒரு மாதத்தில் திரும்பி வந்த மணமும் ருசியும் அவனுக்கு வரவில்லை. காரம் மட்டும் எரிச்சலாகத் தெரியும். சூடு தெரியும். மொறுமொறுப்பு தெரியும். உப்பு தெரியாது, புளிப்பு தெரியாது, சாம்பாருக்கும் சுடுதண்ணீருக்கும் கெட்டிதான் வித்தியாசம். மூன்று டாக்டர்களைப் பார்த்தான். மூவரும் பொறுத்திருக்கச் சொன்னார்கள். ஒருநாள் வீட்டில் கேஸ் கசிந்து அடுத்த வீட்டுக்காரர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். அவன் உள்ளே நின்று தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தான். சாவித்திரி ஓடிவந்து கையில் அடித்தாள். பிறகு உட்கார்ந்து அழுதாள்.

நான்கு வருஷம். கேன்டீனில் கிலோவுக்கு இவ்வளவு என்று எல்லாமே அளவு; தப்பித்தான். கேன்டீன் மூடியதும் இங்கே வந்தான். விஷால் செய்துகாட்டச் சொன்ன நான்கு தட்டையும் முந்தின நாள் வீட்டில் மூன்று முறை செய்தான். சாவித்திரி ருசி பார்த்து, சரியாக வந்த அளவைப் பவித்ராவின் பழைய நோட்டில் எழுதினாள். மகளின் கணக்குப் பாடத்துக்கு அடியில் அம்மாவின் உப்புக் கணக்கு. அதை மனப்பாடம் செய்துதான் வேலை வாங்கினான்.

வடிவுக்குத் தெரிந்தது இரண்டாம் வாரம். பால் திரிந்த டீயை எல்லோரும் முகம் சுளித்துத் தொட்டியில் கொட்டினார்கள். உலகநாதன் மட்டும் அடி வரை குடித்துவிட்டு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தான். "முச்சூடும் குட்ச்சிட்டியா?" என்று கேட்டாள் வடிவு. அவன் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் அவன் கேட்காமலே, தொட்டியின் விளிம்பில் ஒரு கிண்ணத்துக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தாள்.

கதவைக் காலால் தள்ளிக்கொண்டு தினேஷ் வந்தான். பரிமாறுகிறவன், ஆவடிக்காரன், வாய் ஓயாதவன்.

"மாஸ்டர், வந்துட்டாங்க. அந்த மேடம் சிரிக்கவே மாட்டேங்குது. விஷால் சார் இங்கிலீஷ்ல வேர்க்கிறாரு."

"தினேஷு, இங்க வா. இத ஒரு வாய் பாரு."

"ஐயோ, நான் மாட்டேன். போன வருஷம் இதே மொத சனிக்கெழம மறந்துட்டு முட்ட பப்ஸ் துன்னுட்டேன். திரும்பி போறதுக்குள்ள பைக்கு ரெண்டு டயரும் பங்ச்சரு. தள்ளிகினே பட்டாபிராம் போனேன் மாஸ்டர். எங்கம்மா ஊட்டுக்குள்ள வுடல." சிரித்தான். "நீங்களே பாருங்களேன். இன்னா, நீங்களும் சாமியாராயிட்டீங்களா?"

"வாய் வெந்து கீது," என்றான் உலகநாதன்.

"அப்போ அளவுல போடுங்க. உங்க கைக்கு இன்னா கொறச்ச?"

முதல் மூன்று தட்டுகள் அளவிலேயே போயின. காளான் மிளகு வறுவலை வடிவு ருசி பார்த்து ஒரு தட்டு தட்டினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவனுக்குக் கண் கலங்கியது. இறால் தொக்கு அப்படியே போனது. காலித் தட்டு திரும்பி வந்தது. நான்காவது கோழி.

கோழி வழக்கமாக வரும் கடையிலிருந்து வந்திருக்கவில்லை. புதுக் கம்பெனியே தங்கள் பொதுச் சமையலறையிலிருந்து வெள்ளை டப்பாவில் அனுப்பியிருந்தது. சுத்தமாக, ஒரே அளவுத் துண்டுகள். டப்பாவின் பக்கவாட்டில் ஏதோ பொடி எழுத்தில் ஒட்டியிருந்தது. அதைப் படிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. எந்தச் சமையற்காரனுக்கும் இல்லை. புதுச் சரக்கு வந்தால் ஒரு துண்டைப் பொரித்துக் கிள்ளிப் போட்டுக்கொள்வார்கள், அதுதான் படிப்பு.

அளவுக் கரண்டியில் உப்பைத் தலைதட்டிப் போட்டான். கறிவேப்பிலைப் பொடி, மிளகு, அரிசி மாவு. எண்ணெயில் விட்டான். பொன்னிறத்தில் எடுத்தான். ஒரு துண்டைக் கிண்ணத்தில் போட்டுத் தொட்டிப் பக்கம் போனான்.

"வடிவக்கா, மோந்தாவது சொல்லு. மோந்து பாக்கிறதுக்கு தோஷம் இல்லல்ல?"

அவள் யோசித்தாள். குனிந்து கண்ணை மூடி இழுத்தாள்.

"வாசன தூக்குது மாஸ்டரு," என்றாள். "கருவேப்பல நல்லா வந்து கீது. எண்ணெ காறல. அனுப்பு."

ஒரு தட்டு தட்டினாள். அவன் அனுப்பினான்.

அந்த ஐந்து நிமிஷத்தில் சாவித்திரிக்குப் போன் போட்டான். அவள் தையல் கம்பெனியில் ஓவர்டைமில் இருந்தாள். பின்னால் மிஷின்கள் ஓடின.

"இன்னிக்கி அவங்க வந்துகிறாங்க," என்றான். "வடிவக்காக்கு பொரட்டாசி."

"அவங்களாண்ட சொல்லிடு," என்றாள். "அவங்களா கண்டுபுடிக்கிறதுக்கு முன்ன நீயே சொல்லிடு."

"சொன்னா சமையக்காரன்னு எவன் வச்சிப்பான்?"

"கண்டுபுடிச்சா மட்டும் வச்சிப்பாங்களா?"

பதில் சொல்வதற்குள் தினேஷ் உள்ளே வந்தான். இந்த முறை சிரிக்கவில்லை.

"மாஸ்டர், உங்கள கூப்புடறாங்க."

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அந்த மேடம் ஒரு துண்டு கட்ச்சிச்சு. தட்ட தள்ளி வச்சிச்சு. தண்ணி குட்ச்சிச்சு."

"எவ்ளோ குட்ச்சாங்க?"

"தண்ணிய அளந்துகினா இருப்பாங்க?"

காரத்துக்கும் தண்ணீர் குடிப்பார்கள். உப்புக்கும் குடிப்பார்கள். ஒன்றும் பிடிக்காவிட்டால் வாயைக் கழுவுகிற மாதிரியும் குடிப்பார்கள். உலகநாதன் ஏப்ரனை அவிழ்த்து மறுபக்கம் திருப்பிக் கட்டிக்கொண்டான். வடிவைப் பார்த்தான். அவள் கையில் சோப்பு நுரையோடு நின்றிருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.

வெளியே நீல வெளிச்சம். பாட்டின் அதிர்வு நெஞ்சில் இடித்தது. ஒரு மேஜையில் யாருக்கோ பிறந்தநாள். ஒரு பெண் கோப்பையை உயரத் தூக்கிப் பிடித்துப் படத்துக்குச் சிரித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏரி இருட்டாகக் கிடந்தது. ஓரத்து மேஜையில் மூன்று பேர். பக்கத்தில் விஷால் நின்றுகொண்டிருந்தான்.

மோகனப்பிரியாவுக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடி போட்டிருந்தாள். கோபமாக இல்லை.

"நீங்கதானா மாஸ்டர்? உக்காருங்க."

"பரவால்ல மேடம்."

"காளான் நல்லா இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு." தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். மூன்று துண்டும் ஒரு கடித்த துண்டும் இருந்தன. "இதுல ஒண்ணு சாப்பிட்டுப் பாத்துட்டு என்னன்னு நீங்களே சொல்லுங்க."

அவன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். மூன்று பேரும் அவன் தாடையைப் பார்த்தார்கள். மேல்தோல் சரியாக நொறுங்கியது. உள்ளே சதை பதமாக வெந்திருந்தது. மிளகு எரிந்தது, அளவாகத்தான் எரிந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. ஈரமான மரத்தூளை மெல்வதுபோல் மென்றான். மெல்ல மெல்ல, சொல்லவேண்டிய நேரம் தள்ளிப் போகும் என்று மென்றான்.

தப்பு காரத்தில் இல்லை. வேக்காட்டிலும் இல்லை. என்றால் உப்பு, அல்லது புளிப்பு, அல்லது எண்ணெய். எண்ணெய் காறவில்லை என்று வடிவு சொல்லியிருந்தாள்.

சமையலறைக் கதவில் முகத்தளவு வட்டக் கண்ணாடி ஒன்று உண்டு. அதில் வடிவு தெரிந்தாள். பாத்திரம் கழுவுகிறவர்கள் அந்தக் கதவைத் தாண்டி வரக்கூடாது. அது விஷாலின் சட்டம். கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்திருந்தாள். அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. முதலில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்தான். இல்லை. மென்றுகொண்டிருந்தாள். கிண்ணத்தில் விட்டுவந்த அந்த ஒரு துண்டு.

உலகநாதன் மெல்வதை நிறுத்தினான்.

வடிவு உதட்டைக் குவித்தாள், பிரித்தாள், மறுபடி குவித்தாள். உப்பு. நன்றாகவே தெரிந்தது. உப்பு, உப்பு என்று இரண்டு தடவை சொன்னாள். அதற்குமேல் என்னவோ சொன்னாள். அவள் மூச்சில் கண்ணாடி மங்கிவிட்டது. அவள் கையால் துடைத்தாள். கையில் இருந்த சோப்பு நுரை கண்ணாடி முழுக்கப் பரவியது.

உப்பு. கூடவா, குறைவா? அவன் தன் கரண்டியை நினைத்தான். எட்டு மாதமாக அதே கரண்டி, அதே தலைதட்டு. ஒருநாளும் கூடியதில்லை. துண்டுகள் வழக்கத்தைவிடப் பெரியவை என்று தோன்றியது. பெரிய துண்டு என்றால் உள்ளே பிடித்திருக்காது.

"உப்பு மேடம்," என்றான்.

மோகனப்பிரியாவின் முகம் இளகியது. விஷால் மூச்சு விட்டான்.

"ஆமா. என்ன ஆச்சு?"

"கொஞ்சம் கொறையுது. பெரிய துண்டு, உள்ள புடிக்கல. ஒரு அஞ்சு நிமிசம் குடுங்க, சரியா போட்டு எடுத்தாறேன்."

மூன்று பேரில் ஒருவர் சிரித்துவிட்டார். கிண்டல் செய்கிறான் என்று நினைத்தார் போல. பிறகு உலகநாதனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். விஷால் தட்டிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி வாயில் வைத்தான். உடனே காகிதத்தில் துப்பினான்.

"என்ன மாஸ்டர் இது, கல்லு உப்பு மாதிரி இருக்கு!"

"அந்தக் கோழி உப்புத் தண்ணில ஊறித்தான் வரும்," என்றாள் மோகனப்பிரியா மெதுவாக. "டப்பா மேலயே போட்டிருக்கும். அது பரவால்ல, யாரும் படிக்க மாட்டாங்க. ஆனா இப்ப நீங்க ஒண்ணு சாப்ட்டீங்களே." கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "எவ்ளோ நாளா இப்படி இருக்கு?"

பிறந்தநாள் மேஜையில் கைதட்டினார்கள். உலகநாதன் அந்தக் கைதட்டல் முடியும்வரை காத்திருந்தான்.

"நாலு வருசம்," என்றான்.

"டாக்டர்கிட்ட பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப இத்தனை நாள் இங்க எப்படி...?" என்று ஆரம்பித்தான் விஷால். மோகனப்பிரியா கையைக் காட்டினாள். அவன் நிறுத்தினான்.

உலகநாதன் வடிவின் பெயரைச் சொல்லவில்லை. அளவு, என்றான். எல்லாமே அளவுதான். இன்னும் நான்கு தட்டு இருக்கிறது, அனுப்பிவிடுகிறேன், என்றான். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அவன் திரும்பி நடந்தான். நாற்காலிகளுக்கு நடுவே வழிவிடச் சொல்லிக் கேட்கவேண்டியிருந்தது.

வடிவு குழாயைத் திறந்துவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். கொப்பளித்துத் துப்பி மறுபடி கொப்பளித்தாள். விரலை விட்டு நாக்கைத் தேய்த்தாள்.

"உப்பு ஜாஸ்தின்னு சொன்னேனே," என்றாள் திரும்பாமல். "ஜாஸ்தி, ஜாஸ்தின்னு கத்துனேனே மாஸ்டரு."

"உப்புன்னு தெரிஞ்சிச்சி."

"அப்பறம்?"

"அதுக்கப்பறம் தெரியல."

அவள் குழாயை மூடினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். நாமத்தில் மிச்சமிருந்ததும் போய்விட்டது.

"நான் துன்னுட்டேன்," என்றாள். அவனிடம் சொன்னது போல் இல்லை. "மொத சனிக்கெழம அதுவுமா துன்னுட்டேன். எம் மவன் இப்ப வண்டில வந்துகினு இருப்பான், என்ன இட்டுகினு போவ."

உலகநாதன் அவள் பக்கத்தில் போய் நின்றான். கையெடுத்துக் கும்பிடவேண்டும் போல் இருந்தது. அது நாடகமாகிவிடும் என்று விட்டுவிட்டான். "அவனுக்கு ஒண்ணும் ஆவாது அக்கா. பாவம்னா அது எனக்குத்தான்."

"நீ பேசாத," என்றாள் வடிவு. "நீ ஒண்ணியும் பேசாத."

மகனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை எடுத்தான். கீழேதான் நிற்கிறேன், ஏன் இப்படிக் கூப்பிடுகிறாய் என்று அவன் எரிந்து விழுவது உலகநாதனுக்கும் கேட்டது. வடிவு போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மிச்சம் நான்கு தட்டையும் அவன் செய்து அனுப்பினான். கிண்ணம் வைக்கவில்லை. அவை எப்படி இருந்தன என்று தினேஷும் வந்து சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்கு வரச்சொல்லி விஷால் செய்தி அனுப்பியிருந்தான். உலகநாதன் பஸ்ஸில் போனான். விஷால் ஒரு காகிதம் கொடுத்தான், அவன் கையெழுத்துப் போட்டான். இரண்டு ஏப்ரன், ஒரு தொப்பி, அலமாரிச் சாவி ஆகியவற்றைத் திருப்பிக் கொடுத்தான். தன் கத்தியை எடுத்துக்கொண்டான். வடிவு வேலைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பாகற்காய்க் குழம்பும் சோறும் சாப்பிட்டான். மாலை நான்கு மணிக்கு அடுத்த தெரு கோவிந்தன் வந்தார். அவர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குக் காவல் ஆட்களை அனுப்புகிறவர். பெயர், வயது, ஆதார் எண் எழுதிக்கொண்டார். இதற்குமுன் என்ன வேலை என்று கேட்டார். கேன்டீன் என்றான். காலணி என்ன அளவு என்று கேட்டார். எட்டு என்றான். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்கு வரச்சொல்லிவிட்டுப் போனார்.